நானூற்று எண்பதாவது அவுட்

கடுகு சாஸ் வருகிற குழாயின் மூக்கில் போன வாரத்துக் கடுகு காய்ந்து பொருக்காடியிருந்தது. வெர்னா ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினாள். புர்ரென்று காற்று வந்தது. கூடவே மஞ்சளாக, தண்ணீராக, ஏதோ தெறித்து அவளுடைய கம்பளிக் கையுறையில் விழுந்தது. பதினோரு டாலர் கொடுத்து வாங்கிய ஹாட் டாக் வெளிறிப்போய் ரொட்டிக்குள் கிடந்தது. "சீ" என்றாள். யாரிடம் போய்ச் சொல்வது? அந்தக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணை ஆகஸ்டிலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். கையுறையைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவள் தன் இருக்கைக்குப் படியேறினாள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. சொந்த மைதானத்தில் அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். ஏரியிலிருந்து வந்த காற்று போட்டிருந்த கோட்டுக்குள்ளும் புகுந்து குத்தியது. நாற்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய இடத்தில் ஏழாயிரம் பேர் அங்கொருவர் இங்கொருவராக இருந்தார்கள். மிச்ச இடத்தை வெள்ளைக் கடல்காகங்கள் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்தையெல்லாம் வெள்ளையடித்து வைத்திருந்தன. ஸ்டோக்கர்ஸ் பேஸ்பால் அணி அந்த வருடம் அதுவரை தொண்ணூற்றெட்டு ஆட்டம் தோற்றிருந்தது. தோல்வியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெர்னாவால் பொறுக்க முடியாதது வேறு. நன்றாக ஆடிய மூன்று பேரை ஜூலையில் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, "எதிர்காலத்தைக் கட்டுகிறோம்" என்று அணியின் ஓனர் பேட்டி கொடுத்திருந்தான். அப்பன் பெயிண்ட் கம்பெனி நடத்திச் சம்பாதித்த காசில் அணியை வாங்கியவன். பெயிண்ட் கம்பெனிக்காரன் மகன். அவன் மைதானத்து நாற்காலிகளில் பெயிண்ட் உரிந்து செதில் செதிலாகப் பாவாடையில் ஒட்டுகிறது. எச்சில் கையால் காக்காய் ஓட்டாத குடும்பம்.

வெர்னாவின் மடியில் ஆட்டக் குறிப்பேடு இருந்தது. ஒவ்வொரு பந்தடிக்காரனுக்கும் ஒரு வரிசை, ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸுக்கும் தலா ஒரு கட்டம். இருபத்தேழு வருடமாக ஸ்டோக்கர்ஸ் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் அவள் பென்சிலால் எழுதி வருகிறாள். உள்ளூர் ஆட்டம் என்றால் இந்த இருக்கையிலிருந்து, வெளியூர் ஆட்டம் என்றால் அடுக்களை மேசையில் ரேடியோவைக் கேட்டபடி. இரும்புத்தாதுக் கப்பல்துறையில் முப்பத்தாறு வருடம் எடைமேடையில் கணக்கெழுதியவள். எழுதியதை அழித்து எழுதுகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. பள்ளி ஆட்டத்தில் சொந்த மகன் நழுவவிட்ட பந்துக்கே 'பிழை' என்று குறித்தவள். முப்பது வயதாகியும் அவன் அதைச் சொல்லிக்காட்டுகிறான்.

அன்று குறிப்பேட்டுக்குள் மடித்த தாள் ஒன்றும் இருந்தது. அடுத்த வருடத்துக்கும் இதே இருக்கை வேண்டுமென்றால் ஆட்டம் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு வாசலில் இருக்கிற பெட்டியில் போட வேண்டும். இல்லாவிட்டால் இருக்கை கைவிட்டுப் போகும். பெயரையும் இருக்கை எண்ணையும் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு வந்திருந்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதற்கு அவள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்.

"மெர்ரிட் நூத்தறுபதத் தொட்டா நான் கையெழுத்துப் போடறேன். தொடலைன்னா அந்த ஓனரே வந்து இந்த நாக்காலில ஒக்காந்துக்கட்டும்" என்று போன மாதமே இரண்டு பக்கத்து ஆண்களிடமும் சொல்லியிருந்தாள்.

கெல்வின் மெர்ரிட்தான் இன்று பந்து வீசிக்கொண்டிருந்தவன். முப்பத்து மூன்று வயது. நான்கு அணிகள் வேண்டாமென்று துரத்திவிட்டவன். குளிர்காலத்தில் சொந்த ஊரில் தானிய லாரி ஓட்டுகிறவன். வாங்குவதற்கு யாருக்கும் தோன்றாததால் விற்கப்படாமல் தப்பித்தவன். அப்படிப்பட்டவன் இந்த வருடம் எப்படியோ பந்தை வளைக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். வருட ஆரம்பத்தில் அவனோடு போட்ட ஒப்பந்தத்தில், ஆட்டத்தைத் தொடங்கிவைத்து வீசுகிற நாட்களில் மட்டும் கணக்கிட்டு நூற்றறுபது இன்னிங்ஸ் வீசினால், அடுத்த வருடம் எட்டு மில்லியன் டாலருக்கு அவன் வேலை தானாக உறுதியாகும் என்று ஒரு வரி இருந்தது. எங்கே தொடப்போகிறான் என்ற நினைப்பில் எழுதிய வரி. அவன் தொடப்போகிறான் என்று தெரிந்ததும், ஜூனிலிருந்து ஆறு வாரம் அவனைத் தொடங்கவிடாமல் ஆட்டத்தின் வால்பக்கம் இறக்கிப் பார்த்தார்கள். அந்தக் கதையை உள்ளூர்ப் பத்திரிகை போட்டுடைத்த பிறகுதான் வெட்கப்பட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வெர்னாவுக்கு இடப்பக்கம் க்ளீட்டஸ். எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற குழாய் வேலைக்காரர். காதில் ஒரே ஒரு ரேடியோக் குழல் செருகியிருப்பார். வலப்பக்கம் நீல். நாற்பத்தாறு வயது, காப்பீட்டுக் கம்பெனியில் யார் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன். மடியில் கணினியை விரித்து வைத்துக்கொண்டுதான் ஆட்டம் பார்ப்பான். இருபது வருடமாக இரண்டு பேரும் வெர்னாவின் மூக்குக்கு முன்னால் கை நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டேய், அந்தக் கருமத்த மூடுடா. பந்து அங்க இருக்கு" என்றார் க்ளீட்டஸ்.

"பந்து அங்க இருக்கு பெரியவரே. ஏன் அப்படிப் போவுதுங்கற காரணம் இங்கதான் இருக்கு."

"காரணம் நான் சொல்றேன் கேளு. நல்ல ஆளுக்கு சம்பளம் குடுக்க மாட்டேங்கறான். அவ்ளோதான் காரணம்."

"சம்பளத்துல நாம கடைசி. ஒத்துக்கறேன். ஆனா ஒரு வெற்றிக்கு எவ்ளோ செலவாவுதுன்னு வகுத்துப் பாருங்க. லீக்லயே நாமதான் சிக்கனம்."

"செத்தவனுக்குச் சோத்துச் செலவே கெடையாது. அவன்தான்டா ஒலகத்துலயே சிக்கனம். ஒங்க ஆபீஸ்ல கேட்டுப் பாரு."

வெர்னா சிரிக்கவில்லை. இரண்டு பேருமே அவளுக்குச் சலித்துப்போயிருந்தார்கள். பணத்தைக் கொட்டினால் ஜெயிக்கலாம் என்கிற க்ளீட்டஸ், ஓட்டத்தின் முதல் முனையான முதல் பேஸில் ஆள் நின்றால், தட்டியவன் அவுட்டானாலும் அந்த ஆள் ஒரு பேஸ் முன்னேறட்டும் என்று, உடனே மட்டையை நீட்டிப் பந்தைத் தட்டிவிடச் சொல்லுவார். "ஒரு அவுட்ட சும்மா தூக்கித் தானம் பண்றதா? ஒரு ஆட்டத்துக்கு இருபத்தேழு அவுட்தான். அதுதான் கையில இருக்கற மொத்தக் காசு" என்று நீல் துள்ளுவான். இதே சண்டை, இதே சொற்கள், இருபது வருடம். வீட்டுக்காரர் செத்த பிறகு இந்தச் சத்தத்துக்காகவும்தான் அவள் வந்துகொண்டிருந்தாள் என்பது வேறு விஷயம். அதை அவர்களிடம் சொன்னால் தலைக்கு மேல் ஏறிக்கொள்வார்கள்.

ஆனால் அன்று நான்காவது இன்னிங்ஸுக்குப் பிறகு சண்டை தானாக அடங்கியது. காரணம் மூன்று பேருக்குமே தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. மெர்ரிட் அதுவரை எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸுக்கு ஓடிச் சேருகிற மாதிரி ஓர் அடிகூட, கொடுக்கவில்லை. நான்கு பந்து விலகிப் போனதால் இரண்டு பேர் பந்தை அடிக்காமலேயே நடந்து முதல் பேஸுக்குப் போயிருந்தார்கள், அவ்வளவுதான். மட்டையில் பட்டதெல்லாம் யாரோ ஒருவர் கையில் போய் விழுந்தது. கடைசிவரை அப்படியே ஓர் ஆட்டம் முடிந்தால் அதற்கொரு பெயர் உண்டு. ஆட்டம் முடிகிறவரை அந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாது. வீரர்கள் சொல்ல மாட்டார்கள், ரசிகர்கள் சொல்ல மாட்டார்கள், ரேடியோக்காரன்கூடச் சுற்றி வளைத்துத்தான் பேசுவான். சொன்னால் அடுத்த பந்திலேயே போய்விடும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே வரிசையில் எவனோ வெளியூர்க்காரன் எட்டாவது இன்னிங்ஸில் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அடுத்த பந்து சுவரில் மோதியது. க்ளீட்டஸ் தன் கையிலிருந்த முழுக் கோப்பை பீரையும் அவன் தலையில் நிதானமாகக் கவிழ்த்தார். காவலுக்கு நின்றவன் என்ன நடந்தது என்று விசாரித்துவிட்டு, அந்த வெளியூர்க்காரனைத்தான் வேறு இடத்துக்குப் போகச் சொன்னான். நான் எழுதிக்கொண்டிருக்கிற இந்தக் கதையிலேயே அந்த வார்த்தையை இப்போதைக்குப் போட எனக்குக் கை வரவில்லை.

ஐந்தாவது முடிந்தது. ஆறாவது முடிந்தது. ஸ்டோக்கர்ஸ் இரண்டு ரன் முன்னால் இருந்தது. க்ளீட்டஸுக்கு மூன்றாவது இன்னிங்ஸிலிருந்தே சிறுநீர் முட்டியது. எழுந்தால் ராசி கெட்டுவிடும் என்று தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ராசியாவது மண்ணாவது, எதுக்கும் புள்ளிவிவர ஆதாரமே கெடையாது" என்று வழக்கமாகச் சொல்லுகிற நீல், கால்மேல் போட்ட காலை இரண்டு மணி நேரமாக எடுக்கவில்லை. வீரர்கள் உட்காரும் பள்ளத்தில் மெர்ரிட் பெஞ்சின் ஒரு கோடியில் தனியாக இருந்தான். பக்கத்தில் ஒருவரும் போகவில்லை.

"இன்னும் எவ்ளோ வேணும் அவனுக்கு?" என்று வெர்னா கேட்டாள். அவள் கேட்டது நூற்றறுபதைப் பற்றி. அதைப் பேசலாம், தடையில்லை.

நீல் கணினியைத் தட்டினான். பத்திரிகையில் வருகிற மொத்தத்தில் அந்த ஆறு வாரமும் கலந்திருந்ததால், தொடங்கிய ஆட்டங்களை மட்டும் தனியாகப் பொறுக்கி அவனே ஒரு பட்டியல் வைத்திருந்தான். "இன்னிக்கு வர்றதுக்கு முன்னாடி நூத்தம்பது புள்ளி ரெண்டு. ஒம்பது இன்னிங்ஸ் சொச்சம் வேணும். இன்னிக்கு ஏழு போட்டான்னு வைங்க, மிச்சத்த வெள்ளிக்கெழம வெளியூர்ல முடிச்சுடுவான். கவலப்படாதீங்க வெர்னா. கையெழுத்து போட பேனா இருக்கா?"

வெர்னா தாளை எடுத்துப் பார்த்தாள். அருவருப்பு கொஞ்சம் இளகியது. இருபத்தெட்டாவது வருடம். உரிந்த நாற்காலி, காய்ந்த கடுகு, கடல்காகத்தின் எச்சம், இந்த இரண்டு வாயாடிகள். இருக்கட்டுமே, மெர்ரிட் இருப்பானே என்று நினைத்தாள்.

ஏழாவது இன்னிங்ஸ். முதல் ஆள் பந்தை நேராக இரண்டாவது பேஸ்காரனிடம் அடித்து அவுட். அடுத்தவன் மூன்று முறை காற்றை வெட்டிவிட்டு மட்டையைத் தரையில் அறைந்தான். இரண்டு அவுட், இன்னிங்ஸ் முடிய இன்னும் ஒன்று. மொத்தம் எண்பத்து நான்கே பந்து. மெர்ரிட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டபோது, பள்ளத்திலிருந்து கோச் படியேறி வந்தான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஏதோ சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறான் என்று நினைத்தார்கள். அவன் வீச்சாளன் நிற்கிற மேட்டை நோக்கி நடந்துகொண்டே வலது கையைத் தூக்கி, ஓரத்தில் தயாராகிக்கொண்டிருந்த மாற்று வீச்சாளனைக் கூப்பிட்டான். மைதானம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. அப்புறம் ஏழாயிரம் பேரும் சேர்ந்து ஊளையிட்டார்கள். மெர்ரிட் பந்தைக் கொடுக்கவில்லை. இரண்டு வார்த்தை பேசினான். கோச் தரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி நின்றான். கடைசியில் மெர்ரிட் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டுப் போனான்.

"அடப் பாவிகளா!" க்ளீட்டஸ் எழுந்தே விட்டார். "வெண்ணெ தெரண்டு வர்றப்ப தாழிய ஒடைக்கறானே! டேய், எம்பத்து நாலு பந்துதானேடா போட்டிருக்கான்!"

"ஒக்காருங்க பெரியவரே." நீலின் குரல் வறண்டிருந்தது, ஆனாலும் விடவில்லை. "மூணாவது தடவையா அதே ஆளுங்க மட்டை புடிக்க வர்றாங்க. ரெண்டு தடவ பாத்தவன் மூணாவது தடவ அடிச்சிடறான். இந்த வருஷம் மூணாவது சுத்துல மெர்ரிட்ட எல்லாரும் அடிச்சிருக்காங்க, நம்பர் இருக்கு. அடுத்து வர்றவன் வேற எடது கை. எனக்கும் வலிக்குது. ஆனா இது சரியான முடிவு."

"தொண்ணூத்தெட்டு ஆட்டம் தோத்தவனுக்கு சரியான முடிவு என்னடா முடிவு? இந்த ஒன்ன ஜெயிச்சு கோயிலா கட்டப் போறான்? காசுடா. எல்லாம் காசு."

"காசா இருந்தா வெள்ளிக்கெழம நிறுத்தியிருப்பாங்க. இன்னும் மூணு இன்னிங்ஸுக்கு மேல பாக்கி இருக்குன்னு சொல்றேன்ல? மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க. இது உத்தி. அது செலவு. ரெண்டும் வேற வேற."

வீச்சாளன் மாறினால் குறிப்பேட்டில் குறுக்கே ஒரு கெட்டிக் கோடு போட வேண்டும். வெர்னா பென்சிலை அழுத்திப் போட்டாள். புதிதாக வந்தவன் இருபத்திரண்டு வயதுப் பையன். அவன் போட்ட மூன்றாவது பந்தை இடது கைக்காரன் வானத்துக்கு அடிக்க, நடுவில் நின்றவன் சிரமமில்லாமல் பிடித்தான். ஏழாவதில் எதிரணியின் பாதி முடிந்தது.

அது எல்லாரும் எழுந்து நின்று கைகாலை நீட்டிச் சோம்பல் முறிக்கிற நேரம். ஒலிபெருக்கியில் பாட்டு வந்தது. ஒருவரும் கூடப் பாடவில்லை. எழுந்து நின்றவர்கள் நின்றபடியே வைதார்கள். க்ளீட்டஸ் மட்டும் காதுக் குழலை விரலால் அழுத்தியபடி அசையாமல் நின்றார். அவர் முகம் கோணியது.

"என்னவாம்?" என்று கேட்டாள் வெர்னா.

"அவ்ளோதானாம். கைக்கு ஓய்வாம். இந்த வருஷத்துக்கு மெர்ரிட் இனிமே போட மாட்டானாம். வெள்ளிக்கெழம எவனோ புதுப் பையனுக்கு வாய்ப்பு குடுக்கறாங்களாம்." அவர் காதிலிருந்து குழலைப் பிடுங்கினார். "எதிர்காலத்தக் கட்டறானுங்க, மூதேவிங்க."

"அப்படியே இருந்தாலும்... மூணு இன்னிங்ஸ் பாக்கி இருக்கறப்ப நிறுத்தினா அது... அது ஒண்ணும்..." என்று சொல்லிக்கொண்டே நீல் இன்றைய கணக்கைத் தன் பட்டியலில் தட்டினான். ஆறு இன்னிங்ஸ், இரண்டு அவுட். ஆறு புள்ளி இரண்டு.

வெர்னா குனிந்து அவன் திரையைப் பார்த்தாள். கீழே மொத்தம் வந்திருந்தது: 156.4.

"நீல்" என்றாள். "புள்ளி நாலுன்னா என்ன?"

"என்ன?"

"ஒரு அவுட் எடுத்தா புள்ளி ஒண்ணுன்னு எழுதறோம். ரெண்டு அவுட்டுன்னா புள்ளி ரெண்டு. மூணாவது விழுந்தா இன்னிங்ஸ் முடிஞ்சிடும். நாலு அவுட் இருக்கற இன்னிங்ஸ் எந்த ஊர்லப்பா ஆடறாங்க?"

நீல் திரையைப் பார்த்தான். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு. பீர் விற்கிறவனுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. அது பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு என்று எடுத்துக்கொண்டு சமர்த்தாகக் கூட்டிக்கொடுத்திருந்தது. நேற்றுவரை மொத்தம் தற்செயலாகப் புள்ளி இரண்டில் வந்து நின்றதால் யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த நூற்றாண்டு வரைக்கும் சாவுக் கணக்குப் போடுகிற மனிதன், மூன்றுக்கும் பத்துக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை.

வெர்னா குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். அவள் இன்னிங்ஸ் கணக்கில் எழுதுகிறவள் அல்ல. எடைமேடையில் டன் கணக்கையும் பவுண்டிலேயே எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வீச்சாளன் பெயருக்கு எதிரே எத்தனை அவுட் என்று மட்டும் போட்டிருப்பாள். இத்தனை நாள் அவள் அதைக் கூட்டிப் பார்க்காததற்கு ஒரே காரணம், கூட்டுவது நீலின் வேலை என்று விட்டிருந்ததுதான். எழுத வெற்றுத் தாள் வேண்டும். குறிப்பேட்டில் கிறுக்க மாட்டாள். நிரப்பி வைத்திருந்த அந்தப் படிவத்தைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் எழுதினாள். பதினெட்டு. இருபது. பதினாறு. இருபத்தொன்று. ஜூனில் தொடங்கிய அந்த ஆறு வாரத்தைத் தாண்டிக் குதித்தாள். க்ளீட்டஸ் குனிந்து நின்று அவள் பென்சிலையே பார்த்தார். எட்டாவது இன்னிங்ஸுக்கு ஆட்கள் இறங்கத் தொடங்கியபோது கூட்டி முடித்தாள். மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை.

"நானூத்தி அம்பத்தொம்பது. இன்னிக்கு இருபது. நானூத்தி எழுவத்தொம்பது."

"நூத்தறுபது இன்னிங்ஸுன்னா?" க்ளீட்டஸ் கேட்டார்.

"நானூத்தி எம்பது."

ஓர் அவுட். அந்த இடது கைக்காரன் வானத்துக்கு அடித்த அந்த ஒரு பந்து.

"தெரிஞ்சேதான் பண்ணியிருக்கான்" என்றார் க்ளீட்டஸ். சத்தம்கூட வரவில்லை அவருக்கு. இருபது வருடமாகச் சொல்லி வந்தது மெய்யாகிவிட்டது; ஜெயித்த முகமாக இல்லை அது. "எவனோ ஒருத்தன் மேல ஒக்காந்து எண்ணிக்கிட்டே இருந்திருக்கான். ஒண்ணு ஒண்ணா."

நீல் கணினியை மூடினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், திரும்பப் போட்டுக்கொண்டான், மறுபடியும் கழற்றினான். "நான் அவங்களுக்கு வக்காலத்து வாங்கிட்டிருந்தேன்" என்றான். "இருபது வருஷமா. அவனுங்களுக்கு நான்தான் வக்கீல். ஓசி வக்கீல். தூ!"

அப்போதுதான் நடுவிலிருந்த பெரிய திரையில் வாணவேடிக்கைப் படம் ஓடியது. பெயரைச் சொல்லாமல், கண்ணடிக்கிற மாதிரி ஒரு வாசகம்: இன்னும் ஆறே அவுட், வரலாறு காத்திருக்கிறது, நினைவுச் சட்டை நாற்பத்தைந்து டாலர், வாசலில் கிடைக்கும். வீச்சாளர்கள் எத்தனை பேர் மாறினாலும், எதிரணிக்கு ஹிட் இல்லாமல் முடிந்தால் அதுவும் சாதனைக் கணக்கில் சேர்ந்துவிடும். மெர்ரிட்டின் இருபது அவுட்டையும் அவன் கையிலிருந்து பிடுங்கி, சட்டையில் அச்சடித்து, அவர்களுக்கே விற்கப்போகிறார்கள். முன் வரிசையில் ஒருவன் சட்டை வாங்குவதற்காக இப்போதே பர்ஸை எடுத்துப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஊளையிட்ட கூட்டம் கை தட்டத் தொடங்கியது. மாற்று வீச்சாளன் எட்டாவதின் முதல் ஆளை அவுட்டாக்கியதும் கைதட்டல் பலத்தது. மானங்கெட்ட கைதட்டல்.

வெர்னா குறிப்பேட்டைப் பார்த்தாள். இருபத்தேழு வருடமாக இந்தக் கட்டங்களில் அவள் எழுதியதெல்லாம் ஒரு பந்தயத்தின் கணக்கு என்று நம்பியிருந்தாள். எவன் நன்றாக வீசுகிறான், எவன் நன்றாக அடிக்கிறான், அவ்வளவுதான். அதே கட்டங்களை மேலே நிர்வாகத்தின் கண்ணாடி அறையில் இன்னொருவன் வேறு எதற்கோ எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். அவளைப் போலவே, ஒன்றுகூடத் தவறாமல். அதுதான் எல்லாவற்றையும் விட அசிங்கமாக இருந்தது.

குறிப்பேட்டைக் கையில் பிடித்தபடி அவள் எழுந்து நின்றாள். படிவம் மடியிலிருந்து வழுக்கி, கீழே சிந்திக் கிடந்த பீரில் விழுந்தது. எடுக்கவில்லை. மேட்டிலிருந்த பையனைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. அவன் என்ன பாவம் செய்தான்? அம்மா எங்காவது டிவி முன்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். ஒரு கணம் வெர்னாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் திரையில் அந்தச் சட்டை மறுபடியும் சுழன்று வந்தது.

"நோ-ஹிட்டர்!" என்று கத்தினாள்.

எதிரே இருந்த பத்துத் தலைகள் வெடுக்கென்று திரும்பின. எடைமேடையில் கப்பல்காரர்களைக் கூப்பிட்ட குரல் அது. மூன்று பிரிவு தாண்டிக் கேட்டிருக்கும்.

"வெர்னா!" க்ளீட்டஸ் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தார். நெஞ்சுவலி வந்தவர் மாதிரி முகம் வெளுத்துவிட்டது. "வாய மூடு! என்ன பண்றேன்னு தெரியுதா ஒனக்கு?"

"தெரிஞ்சுதான் பண்றேன். நோ-ஹிட்டர்! எட்டாவது இன்னிங்ஸ்! நோ-ஹிட்டர் போயிட்டிருக்கு, எல்லாரும் கேட்டுக்குங்க!"

"ஏ கெழவி, ஒக்காரு!" என்று எவனோ கத்தினான். ஒரு வேர்க்கடலை ஓடு வந்து அவள் தோளில் பட்டது. "பைத்தியமா ஒனக்கு? நீ நம்ம ஊர்க்காரிதானா?" மேல் வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். முதல் பந்து, பந்தடிக்காரன் அடிக்காமல் விட்டான். இரண்டாவது பந்து உள்ளே வந்து குத்தியது. எதுவும் நடக்கவில்லை.

பக்கத்தில் நாற்காலி மடங்குகிற சத்தம் கேட்டது. நீல் எழுந்து நின்றான். ராசிக்கெல்லாம் ஆதாரம் கிடையாது, நாற்பதாயிரம் ஆட்டத்தை அலசிப் பார்த்தாயிற்று என்று வருடத்துக்கு நான்கு முறையாவது சொல்கிறவன். அவன் கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, பெண்குரலில் கத்தினான்.

"நோ-ஹிட்டர்! நோ-ஹிட்டர்!"

அதற்கு முன் அவன் அந்த வார்த்தையை ஆட்டத்தின் நடுவில் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் வெர்னாவுக்கு உறைத்தது. இரண்டு பேர்மேலும் கடலை ஓடு வந்து விழுந்தது. ஒருவன் படியேறி அவர்களை நோக்கி வந்தான், கையில் பீர்க் கோப்பையோடு. க்ளீட்டஸ் அவனைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, குறுக்கே போய் நின்றார்.

"தம்பி, ஊத்தறதுன்னா எம்மேல ஊத்து" என்றார். "அவள விட்டுடு. அவ சரியாத்தான் எண்ணியிருக்கா."

அந்த நேரத்தில் மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. சுத்தமான சத்தம். வந்தவன், கோப்பை, கடலை ஓடு, எல்லாமே நின்றுபோய் ஏழாயிரம் முகமும் ஒரே பக்கம் திரும்பின. பந்து இடது ஓரத்தில் உயரமாக ஏறியது. ஏரிக்காற்று அதைப் பிடித்து இன்னும் கொஞ்சம் தள்ளியது. ஸ்டோக்கர்ஸ் ஆட்டக்காரன் முதுகைக் காட்டிச் சுவரை நோக்கி ஓடினான், கையுறையை நீட்டிக்கொண்டு. கடல்காகங்கள் கலைந்து எழுந்தன. வெர்னாவின் சொந்த அணிக்காரன் பிடிக்க ஓடுகிற பந்து. இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக அவள் 'விழு, விழு' என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பென்சில் முனை வெற்றுக் கட்டத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. வெள்ளைப் பந்து வெள்ளைப் பறவைகளுக்கு நடுவே எங்கேயோ இருந்தது.